பாதிச் சத்தியம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். காரைக்குடியை ஒட்டிய மானகிரியில், ஒரு பெரிய வீட்டில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்திருந்தது. பி.ஏ. முடித்துவிட்டு ஊர் ஊராக மனுப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அப்போது எந்த வேலையும் நல்ல வேலைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இங்கிலீஷ் பேச வரும் என்கிற ஒரே காரணத்துக்காக அந்த வீட்டு ஆச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஆச்சி பினாங்கில் வளர்ந்தவர். சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல் வீட்டின் முன்பக்கத்தைப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். மதுரை பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் போகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போவார்கள். பகலெல்லாம் தூண்களையும் தேக்கு நிலைகளையும் படம் பிடிப்பார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு சோலியும் இருக்காது.

“விளக்கு வச்சதும் மாடிக்கும் வளவுக்கும் நடையா நடக்குதுக தம்பி. பாக்கப் பாவமா இருக்கு” என்பார் ஆச்சி. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அந்த நாடகம்.

மேடை கிடையாது, திரை கிடையாது. வளவு என்று சொல்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஜமுக்காளம் விரித்திருக்கும். பாளையக்காரர் காலத்துக் கதை. கோட்டையின் பக்கவாசலை யாரோ கும்பெனிச் சிப்பாய்களுக்குத் திறந்துவிட்டார்கள். காவல்காரன்மேல் சந்தேகம். நாட்டார்கள் என்கிற ஊர்ப் பெரியவர்கள் கூடி அவனை விசாரிக்கிறார்கள். அந்த நாட்டார்கள் வேறு யாருமில்லை, வந்திருக்கும் பயணிகளேதான். தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிவிட்டு உட்காரவைத்துவிடுவோம். அவர்கள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். நான் அதைத் தமிழில் கேட்டு, காவல்காரன் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கடைசியில் கை தூக்கித் தீர்ப்பு. ஒருநாள் விடுதலையாவான், மறுநாள் கழுவுக்குப் போவான். வந்த கூட்டத்தைப் பொறுத்தது.

ஆரம்பிக்கும்முன் ஆச்சி வெற்றிலைத் தட்டோடு எல்லாரிடமும் வருவார். நாட்டாராக உட்காருகிறவர்கள் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால், பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வெள்ளைக்காரர்கள் சிலர் அதை உடனே வாயில் போட்டு மென்றுவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள்.

காவல்காரனாக நடித்துக்கொண்டிருந்தவர் சிங்கம்புணரிக்காரர். வேறு ஊர் நாடகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நடுவில் கழன்றுகொண்டார். ஆச்சி என்னைப் பார்த்தார். “உங்க அண்ணன் ஊர்த் திருவிழாவுல வேஷம் கட்டுவாருன்னு சொன்னீகள்ல? கூட்டிக்கிட்டு வாங்க.”

கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் கல்லல் பக்கம். ஊருக்கு ஒரே கண்மாய். அதில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை உண்டு. எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. எல்லாருக்கும் பாய்ந்து மிஞ்சினால்தான் எங்களுக்கு. அந்தக் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் பாதிதான் தண்ணீர். ஒருநாள் விடிந்து பார்த்தால் அதிலும் பெரும்பகுதியைக் காணோம். யாரோ முறை தப்பி மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கருக்கலில் கரைப்பக்கம் போனவர்கள் கண்ணில் பட்டது என் அண்ணன். இடுப்புவரை நனைந்து, கையெல்லாம் சேறு. கேட்டதற்கு, மடை திறந்து கிடந்தது, இறங்கி அடைத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.

தண்ணீருக்குக் காய்கிற கடைமடைக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஊர்த்தலைவரை எங்கள் பக்கம் அம்பலகாரர் என்போம். அவர் ஊரைக் கூட்டினார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் சூடம் ஏற்றி, “நான் செய்யவும் இல்லை, செய்தது யாரென்று எனக்குத் தெரியவும் தெரியாது” என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொய்யாக அணைத்தவனைச் சூடம் பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கடைமடைக்காரர்கள் குடும்பத்துக்கு ஒருவராக வரிசையாய் வந்து அணைத்துவிட்டுப் போனார்கள். என் அண்ணன் மட்டும் சூடத்துக்கு முன்னால் நின்றான், கையைக் கட்டிக்கொண்டு. “நான் அணைக்கல” என்றான். ஏன் என்று கேட்டவர்களிடமும் அதையே திருப்பிச் சொன்னான். அணைக்கிற வரைக்கும் உன் வயலுக்குத் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது.

நெல் பூட்டை தள்ளி, கதிர் வெளியே வருகிற சமயம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீடு வரும். இல்லையென்றால் மாட்டுக்கு வைக்கோல்தான்.

வீட்டில் நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். நீ திறந்தாயா? இல்லையென்றால் ஏன் அணைக்கவில்லை? யார் திறந்தது என்று தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். “உனக்கெதுக்குடா அது? நீ உன் சோலியப் பாரு.” சாப்பிடும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் படிக்க வைத்த கை அது. இருந்தாலும் மனம் என்ன செய்யும்? நிரபராதி ஏன் சூடத்துக்குப் பயப்பட வேண்டும்?

இந்த நிலையில் அவனைக் காவல்காரனாக நிற்க வைப்பதா? ஆச்சிக்கு எங்கள் ஊர் விவகாரம் தெரிந்துதான் கேட்கிறாரோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. அந்த வீட்டுச் சமையல்காரர் எங்கள் ஊர் ஆள். அண்ணன் என்னமோ உடனே சம்மதித்துவிட்டான். “வயலுக்குப் போயி என்னத்தப் பாக்கப் போறேன். வாரேன்னு சொல்லு” என்றான்.

ஒத்திகை அன்று சிக்கல் வந்தது. நாடகத்தில் காவல்காரன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிற கட்டம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பது அதைத்தான். அண்ணன் மாட்டேன் என்றான்.

“ஏம்ப்பா, இது நடிப்புத்தானே?” என்றார் ஆச்சி.

“நடிப்புன்னு நமக்குத் தெரியும் ஆச்சி. சூடத்துக்குத் தெரியுமா?”

ஆச்சி, சரி, வேல்கம்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணு என்று மாற்றிவிட்டார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டுக்குக்கூடச் சூடத்தைத் தொட மாட்டேன் என்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் எனக்கு இதே கேள்விதான்.

நாடகத்தில் அவன் பிரமாதமாக நடித்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. “வாசலத் திறந்தது நான் இல்ல” என்று அவன் நெஞ்சைத் தட்டிச் சொல்லும்போது வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். நான் அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே, இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வருகிறதே என்று நினைப்பேன்.

ஒரு சாயங்காலம் பெரிய கூட்டம். பஸ் நிறைய ஆட்கள். விளக்கேற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் எங்கள் அம்பலகாரர். கூட ஊர் ஆட்கள் சிலர். சமையல்காரர் ஊருக்குப் போய் ஏதோ சொல்லியிருக்கிறார், அது ஊர் முழுக்கச் சுற்றி வேறு மாதிரியாகிவிட்டது.

“எங்க ஊர்க்காரன் கோயில்ல சத்தியம் பண்ண மாட்டானாம், இங்குட்டு வந்து வெள்ளைக்காரனுக்குப் பண்ணுறானாம்ல ஆச்சி. அதான் என்ன ஏதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் அம்பலகாரர்.

ஆச்சி துளியும் அசரவில்லை. “வாங்க வாங்க. பாக்க மட்டும் எதுக்கு? நீகளும் நாட்டாரா உக்காருங்க. நெசமான அம்பலகாரவுக வந்தது எங்க பாக்கியம்” என்று வெற்றிலைத் தட்டை நீட்டினார். அம்பலகாரர் ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் துண்டு சுற்றிவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் அவரை நடிகர் என்று நினைத்து மீசையைப் படம் பிடித்தார்.

அண்ணன் வந்து நின்றான். அம்பலகாரரைப் பார்த்தான். முகம் மாறவே இல்லை. 

விசாரணை தொடங்கியது. கோட்டை வாசல் சாவி யாரிடம் இருந்தது, அன்று எத்தனை பேர் காவல் என்று வழக்கமான கேள்விகள். அண்ணன் வேல்கம்பைத் தொடக் கையை நீட்டிய சமயம், அம்பலகாரர் எழுந்துவிட்டார்.

“இருப்பா. வேலு எதுக்கு? சூடத்தக் கொளுத்தச் சொல்லு.”

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். நாடகம் சூடு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஆச்சி அண்ணனைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துச் சைகை செய்தார். உள்ளேயிருந்து தட்டில் சூடம் வந்தது. கொளுத்தி நடுவில் வைத்தார்கள்.

அண்ணன் கோயிலில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பாத்தீகளா” என்று அம்பலகாரர் தன் ஆட்களிடம் திரும்பினார். “எங்க போனாலும் இதேதான். வெள்ளைக்காரன் முன்னாடியும் கை வரல பாரு.”

அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கையைத் தூக்கினார். நரைத்த தலை. தன் நாட்டில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பதாகவும், அங்கேயும் வறட்சி என்றும் மத்தியானம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். சத்தியத்தில் இவர் சொல்ல வேண்டிய வார்த்தைகள் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். நான் செய்யவும் இல்லை, செய்தது யாரென்று எனக்குத் தெரியவும் தெரியாது.

அந்த அம்மாள் யோசித்தார். பிறகு சாதாரணமாக, ரொட்டிக்கு வெண்ணெய் கேட்பது போலக் கேட்டார். அது இரண்டு சத்தியம் ஆயிற்றே? ஒன்றைச் செய்ய முடிந்து மற்றதைச் செய்ய முடியாதவன் என்ன செய்வான்?

பிறந்ததிலிருந்து அந்த வாசகத்தைக் கேட்டு வருகிறேன். அதை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. அந்தக் கேள்வியை நான் தமிழில் சொன்னேன். அண்ணன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அந்த அம்மாளைப் பார்த்தான்.

“ரெண்டும் சேந்ததுதான் எங்க சத்தியம்” என்றார் அம்பலகாரர். “பாதிச் சத்தியம்னு ஒண்ணு கெடையாது.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் பயணிகளுக்குள் சலசலப்பு. அந்த அம்மாள், கை தூக்கித் தீர்மானிக்கலாமே, அதற்குத்தானே எங்களை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றார். முதல் பாதியை மட்டும் அவர் சத்தியம் செய்யட்டும், இரண்டாவதை யாரும் கேட்கக் கூடாது. தூக்கினார்கள். அம்பலகாரரும் இன்னும் இரண்டொருவரும் தவிர எல்லார் கையும் மேலே.

“இது விளையாட்டு ஆச்சி. இதுக்கெல்லாம் நான் கட்டுப்பட முடியாது” என்றார் அம்பலகாரர்.

“சூடம் மட்டும் விளையாட்டு இல்லையாக்கும்?” என்றார் ஆச்சி. “மடியில வெத்தல இருக்குல்ல அம்பலகாரவுகளே. எடுத்துத் தட்டுல வச்சுட்டு அப்பறம் சொல்லுங்க.”

அம்பலகாரர் கை மடிக்குப் போனது. அங்கேயே நின்றது. எடுத்த வெற்றிலையைத் திருப்பி வைத்தவர் என்ற பேரோடு அவர் ஊருக்குப் போக முடியாது. மெதுவாக உட்கார்ந்தார்.

அண்ணன் தட்டின் முன்னால் குனிந்தான். “எங்க கண்மாய் மடையத் திறந்தது நான் இல்ல” என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான்.

கோட்டையும் இல்லை, கும்பெனியும் இல்லை. என்ன சொன்னார் என்று பயணிகள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் செய்யவில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.  சூட வாசனை வளவு முழுக்க நின்றது. எனக்கு அவ்வளவு நாள் இருந்த சந்தேகம் அந்த ஒரே அடியில் போய்விட்டது. அண்ணன் சூடத்தில் பொய் சொல்ல மாட்டான். அது விளையாட்டுச் சூடமாக இருந்தாலும்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அம்பலகாரர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. பாதியைச் சொல்லி மற்றதை விட்டவனுக்கு அந்த மற்றது தெரிந்திருக்கிறது. யாருக்காக இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு, வயலைக் காயப் போடுவான் ஒருவன்? அவர் பார்வை மெல்ல நகர்ந்து என்மேல் வந்து நின்றது.

“சரி, அண்ணன இனிமே கேக்கல. வெத்தலைக்குக் கட்டுப்படுறேன்” என்றார். “தம்பியக் கேக்கக் கூடாதுன்னு யாரும் கை தூக்கலையே? கூடப் பொறந்தவனக் காப்பாத்தத்தானே ஒருத்தன் இப்பிடி ஊமையா நிப்பான்? ஏம்ப்பா, நீ அணைப்பியா? முழுசா?”

அவருடைய ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு நாள் நான் அண்ணனைப் பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வை உடம்பைச் சுடும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் அவர் என்ன கேட்கிறார் என்று என்னிடம் கேட்டார். என்னைப் பற்றியதை நானே எப்படி மொழிபெயர்ப்பது? ஆச்சிதான் அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். 

நான் அண்ணனைப் பார்த்தேன். பயந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் பயமே இல்லை. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகச் சிரித்தான். “போடா. போயி அணை” என்றான்.

புதுச் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். குனிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். செய்தது யாரென்று எனக்குத் தெரியுமா? தெரியாது. நிஜமாகவே தெரியாது. எத்தனை தடவை கேட்டும் அவன் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

“நான் செய்யவும் இல்ல, செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியவும் தெரியாது” என்று வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி அடித்து அணைத்தேன். கை சுட்டது. நன்றாகவே சுட்டது.

அம்பலகாரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கிற மனிதர் இல்லை அவர். வாசல்வரை போனவர் திரும்பி, “வீட்டுக்கு ஒருத்தன் முழுசா அணைச்சாச்சு. நாளைக்கு மொதத் தண்ணி உங்க வயலுக்கு. மம்பட்டியோட வந்து நில்லு” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். பயணிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களுக்கு நாடகம் பிடித்திருந்தது. அந்த அம்மாள் மட்டும் கை தட்டவில்லை. என் அருகே வந்து, கையைக் காட்டு என்று சொல்லி, சுட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஏதோ களிம்பு எடுத்துத் தடவினார். எதுவும் கேட்கவில்லை. தான் கேட்டது எங்கள் தலையெழுத்தையே மாற்றிய கேள்வி என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் நான் போவதற்குள் பஸ் போய்விட்டது.

அன்று ராத்திரி சைக்கிளில் வரும்போது அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.  பாதி வழியில் அவனே ஆரம்பித்தான்.

“கேட்டுக்கிட்டே இருந்தியே, சொல்லியிருந்தா இன்னைக்கு என்னடா பண்ணியிருப்ப?”

“அதுக்காகவாண்ணே சொல்லல?”

“பின்னே? ஒரு வீட்டுல ரெண்டு பேருமா கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியும்? ஒருத்தனாச்சும் முழுசாச் சொல்ற மாதிரி இருக்கணும்ல.”

“நான் உன்னையச் சந்தேகப்பட்டேண்ணே.”

“தெரியும். மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா” என்றான். “ரோட்டப் பாத்து ஓட்டு.”

நெல் வீடு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. மடையைத் திறந்தவர் யாரென்று அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை. எதற்காக அவரைக் காப்பாற்றினான் என்பதையும் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கண்மாய்க் கரையில் எதிரே வருகிறவர்களைப் பார்க்கும்போது, இவராக இருக்குமோ என்று மனம் ஓடப் பார்க்கும். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பின்னால் நான் ஒரு பள்ளியில் ஆசிரியரானேன். நாளெல்லாம் பிள்ளைகளிடம் தெரிந்துகொள், தெரிந்துகொள் என்றுதான் சொல்லிவந்தேன். ஆனால் என்மேல் உயிரை வைத்திருக்கிற ஒருவர் எனக்குச் சொல்லாமல் வைத்த ஒன்றை, தெரிந்துகொள்ளாமலே காப்பாற்றுவதும் ஒரு மரியாதைதான் என்று அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நம்புகிறேன்.